மூன்று நாள் கூலி

பல் டாக்டர் கொடுத்த இரண்டு டூத் பிரஷ்களையும் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டு அவள் கை கழுவப் போனாள். ஒன்று நீலம், ஒன்று பச்சை. வேலை முடிந்து வந்து யூனிஃபாரம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த கணவர் பச்சையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது?"

"சம்பளம்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் சிரிக்கவில்லை. சிரித்தால் அழுதுவிடுவாள் என்று இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் தெரிந்து வைத்திருந்தார். அவளாகவே வந்து உட்கார்ந்து சொன்னாள். டாக்டரின் பின்னறையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, ஆறு மாத பில்களைப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, எது வரவு எது செலவு என்று தனித்தனியாகக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "உங்க ஃபீஸ் எவ்வளவுங்க?" என்று அவராகத்தான் கேட்டார். பதிலை அவள் பஸ்ஸில் வரும்போதே பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு. "பாத்துக் குடுங்க சார்" என்றுவிட்டாள். டாக்டரும் பார்த்தார். அவள் பல்லைத்தான் பார்த்தார். ஈறு லேசாக வீங்கியிருக்கிறது, இந்த மிருதுவான பிரஷ்ஷில் தேய்த்தால் சரியாகிவிடும், வீட்டுக்காரருக்கும் ஒன்று இருக்கட்டும் என்று மனதார எடுத்துக் கொடுத்தார். கணக்கு விஷயமாகத் தேவைப்பட்டால் அடுத்த வருடம் கூப்பிடுவதாகவும் சொன்னார்.

"நல்ல பிரஷ்தான்," என்றார் கணவர்.

"பேசாம இருங்க."

அவளுக்கு நாற்பத்தேழு வயது. டைல்ஸ் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடம் கணக்கு எழுதியவள். அங்கே அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டோட்டல் அக்கா என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும். எண்கள் எங்கே வரிசையாக நின்றாலும் கூட்டிவிடுவாள். ஹோட்டல் பில், கல்யாண மண்டபத்து நாற்காலி, அடுத்த வீட்டுக்காரர் வாங்கிவந்த மருந்துச் சீட்டு, எதையும் விட்டுவைக்க மாட்டாள். போன வருடக் கடைசியில் கம்பெனி கணக்குப் பிரிவை மொத்தமாக வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு, தானே தனியாகச் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று கிளம்பினாள்.

வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காசு கேட்பதுதான் வரவில்லை. பத்தொன்பது வருடமும் ஒன்றாம் தேதி சம்பளம் தானாக வந்தது. உயர்வு கொடுத்த வருடம் வாங்கிக்கொண்டாள், கொடுக்காத வருடம் வாயைத் திறந்ததில்லை. இப்போது என்னவென்றால், ஆளைப் பார்த்தவுடன் அவர்களுடைய பில் கட்டுதான் கண்ணில் படுகிறது. கட்டைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை. முதலில் போனது ஒரு டியூஷன் டீச்சரிடம். பேசத்தான் போனாள். பேசிக்கொண்டே அட்டைப்பெட்டியைத் திறந்தவள், மதியம் மூடும்போது ஒரு வருடக் கணக்கையும் முடித்திருந்தாள். "அட, அவ்ளோதானா? முடிஞ்சே போச்சே!" என்று டீச்சர் வாசல்வரை வந்து கையசைத்து வழியனுப்பினார்.

திங்கட்கிழமைக்குள் அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். தங்கையின் கணவர் வைத்திருக்கும் கிடங்கில் கேட் பக்கத்து அறையில் ஓர் ஆள் வேண்டுமாம். உள்ளே வரும் லாரி, வெளியே போகும் லாரி, நம்பர், நேரம், அவ்வளவுதான் எழுத வேண்டியது. அவர் நல்ல மனிதர்தான். "வீட்ல சும்மா இருக்கறதுக்கு வந்து உக்காருங்கண்ணி" என்றுதான் சொன்னார். அந்த "வீட்ல சும்மா"தான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. போதாததற்கு அங்கே கூட்டுவதற்கும் ஒன்றுமில்லை. லாரி நம்பர்களைக் கூட்டினால் என்ன வரும்? திங்கட்கிழமைக்குள் மாதாமாதம் காசு தரும் ஒரே ஒரு கடை கிடைத்தால் போதும், கிடங்குக்கு வரவில்லை என்று தைரியமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு வியாழன்.

"இப்ப நான்தான் டாக்டர்," என்று கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க ஃபீஸ் எவ்வளவுங்க?"

"இரண்டாயிரத்து ஐநூறு."

"யப்பா! ரெண்டாயிரம் வெச்சுக்கலாமே?"

"சரி."

"ஆயிரத்து ஐநூறு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, பரவால்ல."

"அடியே, என்கிட்டயே இப்படிக் குறைக்கிறியே!" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் பஸ் கண்டக்டர். தினமும் ஆயிரம் பேரிடம் காசு கேட்பதுதான் அவருக்குத் தொழில். கேட்டு வாங்குவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. ஆனாலும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்.

"மூஞ்சியப் பாத்துக் கேக்காத. மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும், வெக்கமா இருக்கும், தெரிஞ்சவங்க மாதிரி இருக்கும். நான் யார் மூஞ்சியையும் பாக்கமாட்டேன். கையைத்தான் பாப்பேன். கைல காசு இருக்கா, பாஸ் இருக்கா. கையைப் பாத்துக் கேளு, தானா வந்துரும்."

"கண்டக்டர் புத்தி," என்றாள் அவள். இருந்தாலும் அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஃபிரேம் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். டியூஷன் டீச்சர் நம்பர் கொடுத்தாராம். வேலை சுத்தமாக இருக்கும், அதைவிட முக்கியமாக மலிவாக இருக்கும் என்றும் சொன்னாராம். படங்களுக்குச் சட்டம் போடும் கடை, பதினாலு வருடமாக நடக்கிறது, கணக்கெல்லாம் மனைவிதான் எழுதிவந்தாள், இப்போது அவளுக்குக் கடையில் வேலை அதிகம், அதனால் வெளியாள் பார்க்கிறேன் என்றார். எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லி முடித்தவர் திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு விஷயம்மா. நோட்டுல ஏதாவது தப்பு இருந்தா அவகிட்ட சொல்லிடாதீங்க. வரி ஆபீஸ்லருந்து அபராதம்னு ஒரு லெட்டர் வந்துச்சு. நான்தான் பாரத்த தப்பா நிரப்பிட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நீங்க நிரப்பலையா?"

"நான் கையெழுத்துதாங்க போடுவேன்," என்றார் அவர். "நாளைக்கு வாங்க."

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலிலிருந்தே மரத்தூள் வாசனையும் பசை வாசனையும் கலந்து வந்தன. ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சட்டங்கள், நீளம் நீளமாக, கறுப்பு, பழுப்பு, தங்க நிறம். இன்னொரு பக்கம் சட்டம் போட்டு முடித்து யாரும் வாங்க வராமலே நின்றுவிட்ட படங்கள். யாருடையவோ பட்டமளிப்பு, யாருடைய குழந்தையோ, மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. டோட்டல் அக்கா வழக்கம்போல எண்ணினாள். முப்பத்தொன்று. உள்ளே ஓர் ஆள் குனிந்து கண்ணாடிமேல் வெட்டுக்கோலை இழுத்தார். அது சர்ரென்று போய் நின்றது, அவர் விளிம்பை லேசாகத் தட்ட, கண்ணாடி சொன்னபடி கேட்டு இரண்டாகப் பிரிந்தது. இன்னொருவர் ரம்பத்தில் மூலை அறுத்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்கு அறுபதிருக்கும். காதில் பென்சில், புருவமெல்லாம் தூள். அவர் மனைவி உள்ளறையில் ஒரு மேசைக்குப் பின்னால் நேராக உட்கார்ந்திருந்தார். முன்னால் பதினாலு நோட்டுகள், கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டப்பட்டிருந்தன. அந்த அம்மாவின் இடது கை நோட்டுகளின் மேல் இருந்தது. வலது கை மடியில், ஒரு துடைக்கும் துணிக்கு அடியில்.

"வாங்க," என்றார் அந்த அம்மா. "பரீட்சை வைக்க வந்தீங்களா, பாடம் எடுக்க வந்தீங்களா?"

"ரெண்டும் இல்லக்கா. சும்மா பேசிட்டுப் போலாம்னுதான்."

"பேசிட்டுப் போக நோட்டு எதுக்கு?"

"அவங்க பாக்கட்டுமேம்மா," என்று கடைக்காரர் நடுவில் புகுந்தார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்ற மனைவி எழுந்ததுமே அவரும் பாய்ந்து எழுந்து, "கொண்டா, கொண்டா, சூடா இருக்கும்" என்று பிளாஸ்கை வாங்கிக்கொண்டார். அது அப்படியொன்றும் சூடாக இல்லை, வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. டம்ளரை மனைவியின் முன் வைக்கும்போது பாதி மட்டுமே நிரப்பியிருந்தார். அந்த அம்மா அதை இடது கையால் எடுத்துக் குடித்தார். மூன்று பேருமே கொஞ்ச நேரம் டீயை மட்டும் கவனித்துக் குடித்தார்கள்.

அப்புறம் டோட்டல் அக்கா கயிற்றை அவிழ்த்தாள். முதல் நோட்டைத் திறந்ததுமே அவளுக்கு எழுத்து பிடித்துப்போயிற்று. உருண்டையான, அவசரப்படாத எண்கள். அடித்தல் கிடையாது. தேதி, சாமான், யாரிடம் வாங்கியது, எவ்வளவு, எல்லாம் கோடு போட்ட இடத்தில் நின்றன. உடைந்த கண்ணாடிக்குத் தனிப் பத்தி இருந்தது. எந்தக் கண்ணாடி எப்போது எப்படி உடைந்தது என்பதுகூட. கம்பெனியில் தன் கீழே வந்த பட்டதாரிகள் பாதிப்பேருக்கு இது வராது என்று நினைத்துக்கொண்டாள். கை தானாகவே பென்சிலைத் தேடியது. "வேண்டாம், இன்னைக்குப் பேசத்தான் வந்திருக்கோம்" என்று அவள் அந்தக் கையைத் தானே அதட்டி டம்ளரைப் பிடிக்கவைத்தாள்.

கண்ணை அப்படி அதட்ட முடியவில்லை. அது மாதக் கடைசிக் கூட்டலுக்குப் போய், கூட்டிப் பார்த்து, நின்றது. கூலிப் பக்கத்தில் கூட்டல் தப்பு. அடுத்த மாதத்தைப் பார்த்தாள். அங்கேயும் தப்பு. அதற்கடுத்த மாதமும். சரிதான், கடைக்காரர் போனில் கெஞ்சியது இதற்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டதை டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

ஆனால் இவ்வளவு கவனமாக எழுதும் கை எல்லா மாதமும் ஒரே இடத்தில் தவறுமா? மறுபடி பார்த்தாள். கூலி என்று தலைப்பு. கண்ணாடி வெட்டு, இருபத்தாறு நாள், இவ்வளவு, கொடுத்தாச்சு. ரம்பம், இருபத்திரண்டு நாள், இவ்வளவு, கொடுத்தாச்சு. அதன் கீழே மூன்றாவதாக ஒரு வரி: க.எ., மூன்று நாள், கண்ணாடி வெட்டு ஆளின் நாள் கூலிப்படி இவ்வளவு. அதற்கு நேரே மட்டும் "கொடுத்தாச்சு" இல்லை. "நிற்குது" என்று எழுதியிருந்தது. முதலிரண்டு வரிகளைத்தான் கூட்டிப் போட்டிருந்தார்கள். மூன்றாவது வரி மொத்தத்தில் சேரவில்லை. வருடக் கடைசியில் பன்னிரண்டு மாத "நிற்குது"வும் ஒன்றாகத் திரண்டு, அடுத்த நோட்டின் முதல் பக்கத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்து அதற்கடுத்த நோட்டுக்கு.

"சார், கடையில எத்தனை பேர் வேலை பாக்கறாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டே பேர்தாங்க. கண்ணாடிக்கு ஒருத்தர், ரம்பத்துக்கு ஒருத்தர். வேற யாரு?"

அந்த அம்மா துணியின் ஓரத்தை இடது கையால் நீவிக்கொண்டிருந்தார். டோட்டல் அக்காவுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. கணக்கு எழுதுகிறவள். மாதத்துக்கு மூன்று நாள் வேலை. பதினாலு வருடம். தன்னைப்போல இன்னொருத்தி இருக்கிறாள் என்பது சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

வாசலில் யாரோ சுருட்டிய படத்தோடு வந்து கூப்பிட, கடைக்காரர் எழுந்து போனார். அவர் தலை மறைந்ததும் அந்த அம்மா முன்னால் சாய்ந்தார்.

"என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தாரு உங்கள?"

டோட்டல் அக்காவுக்குக் காசு கேட்க வராது, பொய்யும் வராது. அவள் டம்ளருக்குள் பார்த்தாள்.

"தப்பச் சொல்லாதீங்கன்னாரா?" அந்த அம்மாவே கடைசி நோட்டை இழுத்து ஒரு பக்கத்தைத் திறந்தார். அதில் எழுத்து வேறாக இருந்தது. உருண்டை போய்விட்டது, எண்கள் ஒவ்வொன்றும் நடுங்கி நடுங்கிக் கோட்டைத் தாண்டியிருந்தன. "இதோ. நான் ஒண்ணுதான் எழுதினேன். கை இழுத்துடுச்சு, பாத்தா ஏழு. வரி பாரம் நிரப்பறவங்க அதப் பாத்து அப்படியே ஏத்திட்டாங்க. லெட்டர் வந்தன்னைக்கே எனக்குத் தெரியும். இந்த மனுஷன் பழியத் தன் தலைல போட்டுக்கிட்டு, 'நான் ஒரு மண்டு, எனக்கு எதுவும் சரியா வராது'ன்னு ரெண்டு நாள் புலம்பினாரு. பாவமா இருந்துச்சு. சரி, அவரே வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கை எத்தனை நாளா அக்கா?"

"ஒரு வருஷமா. டாக்டர்கிட்டப் போயிட்டுத்தான் இருக்கோம். வீட்ல அதப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டாரு. பேசினா வந்துடும்னு நெனைக்கிறாரு, வந்தாச்சுன்னு தெரியாத மாதிரி." அந்த அம்மா கூலிப் பக்கத்தைக் கண்ணால் காட்டினார். "க.எ. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"பாப்பீங்கன்னு தெரியும். கூட்டும்போதே உங்க உதடு அசையுது." முதல்முறையாகச் சிரித்தார். "மொதல்ல விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். கடை தொறந்த மொத மாசம். ரெண்டு பேருக்கும் கூலி குடுத்துட்டு, 'அவ்ளோதானே, எல்லாருக்கும் குடுத்தாச்சு'ன்னாரு. நானும் 'அவ்ளோதான்'னேன். அன்னைக்கு எழுதினேன். பாத்துட்டுக் கேப்பாரு, ரெண்டு பேரும் சிரிப்போம், அடிச்சிடலாம்னு. அவரு கையெழுத்துப் போடற எடத்த மட்டும்தான் பாத்தாரு. அடுத்த மாசமும் எழுதினேன். அப்புறம் எழுதாம விட்டா அந்த மாசம் நான் ஒண்ணுமே செய்யாத மாதிரி இருந்துச்சு."

"நீங்க கேக்கலியா அக்கா?"

"எப்படிக் கேக்கறது? எங்களோட கடைதான. பசிக்கு சாப்பாடு இருக்கு, ஒரு குறை இல்ல. தங்கமான மனுஷன். எப்படிக் கேப்பீங்க நீங்க?"

டோட்டல் அக்காவுக்கு மேசைமேல் கிடந்த இரண்டு டூத் பிரஷ்கள் ஞாபகம் வந்தன. "எனக்கும் தெரியாதுக்கா," என்றாள். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைக்காரர் கையைத் தட்டிக்கொண்டே திரும்பி வந்தார். முகத்தில் வியாபாரம் முடித்த தெளிவு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரிங்க, நோட்டப் பாத்துட்டீங்க. மாசாமாசம் வந்து எழுதித் தரணும், வரி பாரமும் நீங்களே பாத்துக்கணும். எவ்வளவு எதிர்பாக்கறீங்க?"

வந்துவிட்டது. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். புருவத்தில் தூள், கண்ணில் கவலை. பாதி டம்ளர் டீ ஊற்றிய மனிதர். "பாத்துக் குடுங்க சார்" என்று சொல்ல அவள் நாக்கு தயாராகிவிட்டது. கண்டக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முகத்தைப் பார்க்காதே. அவள் சட்டென்று பார்வையைத் தாழ்த்தினாள். எதிரே இருந்தது அவர் கை அல்ல. துணி நழுவியிருந்தது, அந்த அம்மாவின் வலது கை மடியில் கிடந்து, யாரும் சொல்லாமலே எதையோ எழுதுவதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"கண்ணாடி வெட்டுறவருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு குடுக்கறீங்க சார்?"

"ஆயிரத்து நூறு. ஏன்?"

"எனக்கு அதுல மூணு நாள் கூலி. மாசத்துக்கு."

சொல்லிவிட்டாள். மூவாயிரத்து முந்நூறு. வீட்டில் கணவரிடம் சொல்லிப் பார்த்த இரண்டாயிரத்து ஐநூறைவிட எண்ணூறு அதிகம். காது இரண்டும் சுட்டன. அந்த அம்மாவின் இடது கை துணியை நீவுவதை நிறுத்திவிட்டது.

"மூணு நாளா?" கடைக்காரர் நிஜமாகவே திகைத்துப்போனார். "ஏங்க, அவர் நின்னுகிட்டே வெட்டறாரு, கைல கிழிச்சுக்கறாரு. இது உக்காந்து கூட்டல் கழித்தல் போடறதுதானே? வீட்டு வேலைக்கு நடுவுல இவளே எழுதிடுவா. ஒரு நாள் கூலின்னா சரி. போனாப் போகுது, ஒன்றரை."

டோட்டல் அக்காவின் வாயில் "சரி, பரவால்ல" வந்து நின்றது. உதடுகூடப் பிரிந்துவிட்டது.

"மூணு நாள் ஆகும்," என்றார் அந்த அம்மா.

"நீ என்னம்மா அவங்களுக்குப் பேசற? உனக்கு ஆச்சா மூணு நாள்?"

"ஆச்சு. ரசீது பிரிக்க ஒரு நாள். ஏத்த ஒரு நாள். நீங்க சட்டைப் பைல வெச்சு மறந்ததெல்லாம் தேடிப் பிடிச்சுக் கூட்டி முடிக்க ஒரு நாள். நீங்க தூங்கின பொறவு பாதி, நீங்க கடைக்குப் போன பொறவு பாதி. சேத்தா மூணு."

குரல் உயரவில்லை. சமையலுக்கு எவ்வளவு உப்பு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். வெளியே கண்ணாடிமேல் வெட்டுக்கோல் ஒரு தடவை ஓடி நின்றது. கடைக்காரர் மனைவியைப் பார்த்தார், நோட்டுக் கட்டைப் பார்த்தார், காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் காதிலேயே வைத்தார். "மூணு நாள் ஆகுதுன்னு நீ சொல்லவே இல்லையே" என்றார். அவர் குரல் அடிவாங்கிய குழந்தையின் குரலாக இருந்தது. அதற்குமேல் பேரம் பேசவில்லை. "சரிங்க. மூணு நாள் கூலி. அடுத்த மாசத்துலருந்து வாங்க" என்று மட்டும் சொன்னார்.

டோட்டல் அக்காவுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. கிடங்கு இல்லை, கேட் இல்லை, லாரி நம்பர் இல்லை. வீட்டுக்குப் போய்க் கண்டக்டரிடம் சொன்னால் என்ன முகம் காட்டுவார் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். ஆனால் கை சும்மா இராதவள் அல்லவா, கிடைத்த வேலையை அங்கேயே ஆரம்பித்துவிட்டாள். பையிலிருந்து புது நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தாள். புதுக் கணக்கு என்றால் பழைய கணக்கில் மிச்சம் இருப்பதையெல்லாம் முதல் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். கையிருப்புப் பணம், சட்டம் வாங்கிய கடன், கண்ணாடி இருப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த அம்மா நோட்டைப் பார்க்காமலே சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. எழுத எழுதக் கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. அவள் பேனாவை நிறுத்தினாள்.

பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிடலாம். பதினாலு வருடம் யாரும் பார்க்காத வரி, இனிமேலும் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அதை விட்டுவிட்டு மேலே எழுத அவளுக்குக் கை வரவில்லை. மேசைக்குமேல் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அந்த வரி. புது நோட்டுக்குக் கொண்டு போகவா? இல்ல, இதோட அடிச்சிடவா?"

அந்த அம்மா கடைசி நோட்டை இடது கையால் தன் பக்கம் இழுத்தார்.

"எந்த வரி?" என்றார் கடைக்காரர்.

அவருக்கு முகம் வெளுத்தது. தான் பயந்த தப்பைத்தான் டோட்டல் அக்கா கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். "அதான் சொன்னேனேம்மா, அது நான் பண்ணின தப்புன்னு," என்று மனைவியிடம் அவசரமாக ஆரம்பித்தார். "அந்த பாரத்துல நான்தான்..."

"அது இல்லங்க," என்றார் மனைவி. "இது வேற."

கடைசி நோட்டின் கூலிப் பக்கத்தைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். கடைக்காரர் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். அதிலும் தூள். சட்டை நுனியில் துடைத்தார், சட்டையிலும் தூள். ஒருவழியாக மாட்டிக்கொண்டு குனிந்தார். கையெழுத்துப் போடும் இடத்துக்குத்தான் முதலில் பார்வை போயிற்று, பழக்கம். அங்கே ஒன்றுமில்லை என்றதும், "எங்கம்மா?" என்றார்.

அந்த அம்மா வலது கையை மடியிலிருந்து எடுத்தார். இத்தனை நேரம் ஒளித்து வைத்திருந்ததை மேசைமேல் கொண்டுவந்து, ஆள்காட்டி விரலைப் பக்கத்தின்மேல் வைத்தார். விரல் நிற்கவில்லை. கண்ணாடி வெட்டுக்கும் ரம்பத்துக்கும் க.எ.வுக்கும் நடுவில் மேலும் கீழுமாகத் தத்தளித்தது. எந்த வரி என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார்.

கடைக்காரர் அந்த விரலைப் பார்த்தார். ஒரு வருடமாகப் பார்க்காமலே தப்பித்துவந்த விரல். காதிலிருந்த பென்சில் கீழே விழுந்து உருண்டது, அவர் எடுக்கவில்லை. பசையும் கீறலுமாக இருந்த தன் கையை மனைவியின் கைமேல் வைத்து, அது அடங்கும்வரை பிடித்துக்கொண்டார். விரல் நின்றது. அது நின்ற இடத்தில் குனிந்து, எழுத்துக்கூட்டுகிறவர்போல ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார்.

"க... எ... மூணு நாள்... நிற்குது..."

அப்புறம் அவர் கையை எடுக்காமலே, இடது கையால் முந்தைய பக்கத்தைப் புரட்டினார். அதற்கு முந்தையதையும் புரட்டினார்.

டோட்டல் அக்கா புது நோட்டின் முதல் பக்கத்தில் அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.